இரண்டாவது பாத்திரம்

மே 29, புதன்

புதுக் குருவானவருக்கென்று சபை தந்திருக்கும் குருமனைக்குச் சாமான் லாரி வந்து சேர்ந்தது. பீரோவின் ஒரு கால் உடைந்துவிட்டது. என் வேதசாஸ்திரப் புத்தகங்களை அடுக்கி முட்டுக்கொடுத்திருக்கிறேன். அவற்றால் நேரடியாகக் கிடைத்த முதல் பயன் இதுதான்.

சபைச் செயலாளர் தம்பிராஜ் ஆட்களோடு வந்து இறக்கினார். நல்ல உழைப்பாளி. ஃபிரிட்ஜை ஏறக்குறைய ஒற்றை ஆளாகத் தூக்கினார். தூக்கிக்கொண்டே கேட்டார்: "ஐயாவுக்குச் சொந்த ஊரு எது?"

"இனிமே ஞானக்குளந்தான்."

"அதுக்கு முன்னால?"

"அஞ்சு ஊருல சேகரம் பாத்தாச்சு. எல்லாமே சொந்த ஊருதான்."

"இல்ல, பிறந்தது..."

"ஆஸ்பத்திரியில."

அவர் சிரித்தார், ஆனால் கேள்வியை விட்டுவிட்ட மாதிரி தெரியவில்லை. ஊரையும் தெருவையும் சொன்னால் சாதி தானாக வெளியே வந்துவிடும். அதற்குத்தான் இந்தப் பக்கத்தில் ஊரைக் கேட்பார்கள். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. இங்கேயும் சொல்வதாக இல்லை. உள்ளேயிருந்து ரோஸ்லின், "அவுகளுக்கு வாய் கொஞ்சம் நீளம், தப்பா எடுத்துக்காதிய," என்று சமாளித்து எல்லோருக்கும் சர்பத் கொடுத்தாள். என் மனைவி இல்லாவிட்டால் என்னை எந்த ஊரிலும் ஒரு மழைக்காலம் தாண்டி வைத்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. இதை எழுதுவதே கோபத்தில்தான்.

மேசையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று வெள்ளைக்காரர் காலத்து வெள்ளிப் பாத்திரம், இன்னொன்று வெள்ளிப் பூச்சு தேய்ந்துபோன பித்தளை. கூட்டம் அதிகம்போல என்று நினைத்து இரண்டையும் ஆசீர்வதித்தேன். முதலில் முன்பெஞ்சுகளிலிருந்து மேலத்தெருக்காரர்கள் வந்து மேசைக்கு முன்னாலுள்ள மரக்கிராதியில் முழங்காலிட்டார்கள். அதுவரை எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர்கள் முடிந்ததும், ஆராதனையில் எனக்கு உதவும் உபதேசியார் மனுவேல் என் கையிலிருந்த வெள்ளிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பித்தளையைத் தந்தார். வெள்ளியில் பாதிக்கு மேல் திராட்சரசம் இருந்தது. ஏன் மாற்றுகிறார் என்று யோசிப்பதற்குள் கீழத்தெரு ஜனங்கள் வந்து முழங்காலிட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பித்தளையிலிருந்தே கொடுத்து முடித்தேன். முடித்த பிறகுதான் புரிந்தது.

ஆசீர்வதித்த ரசத்தை மீதி வைக்கக் கூடாது. குருவானவர் குடித்துத் தீர்க்க வேண்டும். இரண்டு பாத்திரத்தையும் குடித்தேன். இரண்டும் ஒரே இனிப்பு.

உடுப்பு மாற்றும் அறையில் மனுவேலைப் பிடித்துக்கொண்டேன். "கீழத்தெருவுக்கு எப்பருந்து தனிப் பாத்திரம்?"

"தனின்னு யாரும் சொல்லுதது இல்ல ஐயா. ரெண்டாவதுன்னுதான் சொல்லுதது."

"யார் வச்ச சட்டம்?"

"சட்டமெல்லாம் இல்ல. எனக்கு முன்னால எங்க அப்பா இப்படித்தான் எடுத்து வச்சாவ."

அவர் பொய் சொல்லவில்லை. யாரும் போடாத சட்டம்தான் எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடக்கிறது.

ஜூன் 5, புதன்

மோட்டார் ஓடவில்லை. குருமனைக் கிணற்றில் வாளி போட்டு இறைத்தோம். வளாகம் கூட்ட வரும் பாக்கியம் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். கீழத்தெரு, புருஷன் இல்லை, பீடி சுற்றி மகள் ஜெனிட்டாவைப் பிளஸ் ஒன் படிக்க வைக்கிறாள். கோயிலில் பாட்டு எடுத்தால் ஓடு அதிரும்.

தாகத்துக்குப் பின்வாசல் ஜன்னலில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மோந்தேன். ரோஸ்லின் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளேயிருந்து வேறு டம்ளர் கொண்டுவந்தாள். அது கழுவாத டம்ளராம். கழுவித்தான் கவிழ்த்திருந்தது. மோட்டார் மெக்கானிக் நாளை வருகிறான்.

ஜூன் 29, சனி

திடப்படுத்தல் வகுப்பு. பிள்ளைகள் எட்டுப் பேர்; ஐந்து பேர் மேலத்தெரு, மூன்று பேர் கீழத்தெரு. ஆகஸ்டில் பேராயர் வந்து கைவைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகு செப்டம்பர் முதல் ஞாயிற்றில் இவர்கள் முதன்முறையாகத் திருவிருந்தில் சேருவார்கள்.

பாத்திரத்தில் உள்ள ரசம் கிறிஸ்துவின் இரத்தம் என்று பாடம் நடத்தினேன். ஜெனிட்டா கை தூக்கினாள். "ஐயா, ரெண்டுலயும் இருக்கது ஒரே ரத்தந்தான?"

"ஆமா."

"அப்ப எனக்கு எதுல?"

தம்பிராஜின் மகள் ஷைனி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்னுலதான்," என்றேன்.

வகுப்பு முடிந்ததும் பித்தளைப் பாத்திரத்தை எடுத்துவந்து பீரோவில் காலுறைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கோயில் பொருளைத் திருடியதாக எவனாவது புகார் கொடுக்கட்டும், பார்க்கலாம்.

ஜூலை 7, ஞாயிறு

ஜெயித்தேன். ஒரே பாத்திரம். மேலத்தெருவும் கீழத்தெருவும் அதிலேயே குடித்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மனுவேல் மட்டும் மேசையில் எதையோ தொலைத்தவர் மாதிரி தேடினார். மத்தியானம் கோழிக்குழம்பு. இத்தனை வருட வழக்கம் ஒரு பூட்டில் முடிந்துவிட்டது என்று ரோஸ்லினிடம் பெருமை அடித்தேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஜூலை 8, திங்கள்

காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே ரோஸ்லின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க என்னத்த மாத்தினிய? மேலத்தெருக்காரவ குடிச்சப்பறந்தான கீழத்தெருக்காரவ குடிச்சாவ? இவுக எச்சிய அவுக குடிக்கதுக்கு என்னைக்கி யாரு தடை சொன்னா? அவுக குடிச்சத இவுக குடிக்கணும். அதுதான நடக்காது."

வெங்காயம் அவள் கையில். நீர் என் கண்ணில். வேதசாஸ்திரம் படித்தவன் நான். விஷயத்தைச் சரியாகப் பார்த்தவள் அவள். இவ்வளவு துல்லியமாக அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தேன்; பால்காரர் வந்துவிட்டார்.

ஜூலை 18, வியாழன்

கீழத்தெரு வீடு சந்திப்பு. பாக்கியம் வீட்டில் காபி. அவள் டம்ளரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகஸ்டில் பின்வரிசையிலிருந்து முதலில் கூப்பிடப் போகிறேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பீடி முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஐயா, எங்கள வச்சுச் சண்ட போடாதிய. நீங்க மூணு வருசத்துல மாத்தலாகிப் போயிருவிய. நாங்க இங்கதான கெடக்கணும்? மேலத்தெருக்காரவ தோட்டத்து வழியாத்தான தண்ணிக்கிப் போறோம்?"

சரியான கேள்வி. என் வீரத்துக்கு ஆகும் செலவு அவள் தலையில்தான் விழும்.

ஜெனிட்டா கதவருகில் நின்றாள். "எம்மா, நான் ரெண்டாவதுல குடிக்க மாட்டேன். கடைசியாவும் குடிக்க மாட்டேன். ஐயா கூப்புடலேன்னா எனக்குத் திடப்படுத்தலே வேண்டாம்."

"ஏட்டி, வாய மூடு," என்றாள் பாக்கியம். ஆனால் சத்தம் பாட்டுக்கு எடுக்கிற சத்தமாக இல்லை. நான் புறப்படும்போது வாசல்வரை வந்து, "கூப்புடுங்க. வாரோம்," என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கூப்பிட்டேன். "இன்று பின்வரிசையிலிருந்து வாருங்கள்." அவ்வளவுதான் சொன்னேன். பிரசங்கம்கூட வேறு எதைப் பற்றியோ.

கீழத்தெரு முழுக்க எழுந்து வந்தது. நடுப்பாதையில் முன்பெஞ்சுகளைத் தாண்டி நடந்தபோது அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் குடித்தார்கள். அடுத்து முன்பெஞ்சுகளைப் பார்த்துக் கை நீட்டினேன். ஒருவரும் எழவில்லை. தம்பிராஜ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பொருளாளர் செருமினார். நான் பாத்திரத்தோடு கிராதியில் நின்றுகொண்டே இருந்தேன். மனுவேல் மெல்ல என் அங்கியைத் தொட்டார்.

ஊருக்கே என்று ஊற்றிய ரசம். முழுவதையும் அவர்கள் கண்முன்னால் நின்று குடித்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு மடக்காக, முன்பெஞ்சைப் பார்த்துக்கொண்டே.

ரோஸ்லினுக்கு இன்று தலைவலி. அதனால் கிராதிக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

சுகர் ஏறிவிட்டது. ரோஸ்லின் மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் டம்ளரைப் பற்றி இன்று எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். தம்பிராஜ் மேசையில் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், இருமல் மருந்துக்கு வருமே அந்த அளவில்.

"இனிமே ஆளுக்கு ஒன்னு. சுகாதாரம் ஐயா. கொரோனா வந்து போனப்பறமும் ஒரே பாத்திரத்துல வாய் வைக்கது சரியில்லன்னு டாக்டருமாரே சொல்லுதாவ."

"கொரோனா வந்து வருசம் என்ன ஆச்சு? போன மாசம்வரைக்கும் குடிச்சியளே. போன ஞாயித்துக்கெழமதான் கிருமி வந்துச்சோ?"

யாரும் சிரிக்கவில்லை. பொருளாளர் மட்டும் குனிந்துகொண்டார்.

கொரோனா காலத்தில் நானே கரண்டியால் கொடுத்தவன். சுகாதாரம் எனக்குப் பகை இல்லை. ஆனால் இந்தப் பெட்டி எந்த நோய்க்கு மருந்து என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தீர்மானம் நிறைவேறியது. "கோயிலுக்கு என்ன வர்ணம் பூசணும், எத்தனை ஃபேன் மாட்டணும், அதெல்லாம் கமிட்டி முடிவு பண்ணட்டும்," என்றேன். "ஆசீர்வதிக்கிறது என் கை. ஒரு பாத்திரத்தைத்தான் ஆசீர்வதிக்கும்."

ஆகஸ்ட் 16, வெள்ளி

தம்பிராஜ் சிரித்த முகத்தோடு ஒரு குலை வாழைப்பழத்தோடு வந்தார். ரோஸ்லினின் அண்ணன் ஆல்பர்ட்டை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தாராம். பேச்சுவாக்கில் எல்லாம் தெரிந்துவிட்டதாம்.

"ஐயா நம்ம ஆளுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. நாங்க வேற மாதிரில்லா நெனச்சுட்டோம். நம்ம ஆளு செஞ்சா நாலு பேர்ட்ட எடுத்துச் சொல்லலாம், ஐயாவுக்கு ஏதோ இளகின மனசுன்னு. கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போங்க."

"நான் யார் ஆளுன்னு ஞாயித்துக்கெழம தோறும் அங்கியப் போட்டுக்கிட்டுச் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க கேக்கலியா?"

முகம் சிவந்துவிட்டது. பழத்தை வைத்துவிட்டுப் போனார். நான் அதை அப்படியே கோயில் வளாகத்தில் விளையாடிய பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல பழம்.

சாயங்காலம் ஆல்பர்ட் ரோஸ்லினுக்குப் போன் செய்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேராயர் வந்தார். எட்டுப் பிள்ளைகள் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். சாப்பாட்டில் மட்டன் கொஞ்சம் வேகவில்லை. புறப்படும்போது என் தோளில் கைபோட்டு, "சமாதானமாப் போங்க, ஏசுவடியான்," என்றார். சரி என்று சொல்லவில்லை. வணக்கம் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, சனி

இருபத்தாறு வருடத்தில் இன்றைக்குப் போல நாங்கள் சண்டை போட்டதில்லை.

அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஜெனிட்டாவைத்தான் முதலில் கூப்பிடுவேன், அவளுக்குப் பிறகு நீ வருவாயா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கென்ன, அங்கியப் போட்டுக்கிட்டு நிப்பிய. உங்கள யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாவ. நான் குடிச்சா எங்க அண்ணன் வீட்டு வாசல் ஏற முடியுமா? அவன் மகன் கல்யாணத்துக்கு வராதன்னு சொல்லிட்டான், தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. கிணற்றடியில் நடந்தது அதுதான்.

"நீ சொல்லித்தான எனக்கே புரிஞ்சுது?"

"எனக்குப் புரியாமலா? எங்க வீட்டுல அப்படித்தான வளந்தேன். எங்க அம்மா கூட்ட வாரவளுக்குன்னு ஜன்னல்ல டம்ளர் வச்சிருந்தா, நானும் வச்சேன். ஏன்னு ஒருநாளும் கேட்டதில்ல. அந்தப் பாத்திரத்த நெனச்சாலே எனக்குத் தொண்ட அடைக்கி. நான் என்ன செய்ய? ஜெபம் பண்ணியும் போகல."

அழுதாள். அங்கியின் காலரில் இஸ்திரிப் பெட்டி பட்டுப் பழுப்பு விழுந்துவிட்டது. ஊர்முழுக்கப் பிரசங்கம் செய்கிறவனுக்கு வீட்டில் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. முன்பெஞ்சுகளோடு போராடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பெஞ்சு என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு.

அவள்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. நாளை அவள் உட்கார்ந்தே இருந்தால் என்ன செய்வேன்? அதே ரசத்தை நானே குடிப்பேன். அதே பாத்திரத்தை அடுத்த மாதமும் தூக்குவேன். அதற்கடுத்த மாதமும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பழுப்புக் காலரோடு போனேன். கோயில் மணி அடிக்கும் முன்பே கழுத்து வியர்த்தது.

தம்பிராஜ் பிளாஸ்டிக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கி மேசையில் வைத்திருந்தார். தட்டை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். வெள்ளிப் பாத்திரத்தில் ரசத்தை நிறைய ஊற்றினேன். மனுவேல், "ஐயா, சுகரு," என்று காதோடு சொன்னார். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

புதிதாகத் திடப்படுத்தல் பெற்றவர்கள்தான் முதலில் வரவேண்டும் என்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கம். வழக்கம் வழக்கம் என்கிறார்களே, இதுவும் வழக்கம்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "ஜெனிட்டா."

வெள்ளைச் சேலை, முதல் சேலையாக இருக்க வேண்டும், தடுக்கித் தடுக்கி வந்தாள். முழங்காலிட்டாள். நான் நீட்டுவதற்குள் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்து ஒரு மிடறு குடித்தாள். பிறகு கீழத்தெருப் பிள்ளைகள் இருவர். மேலத்தெருப் பிள்ளைகள் ஐந்து பேரும் வரவில்லை. ஷைனி எழுந்தாள், அவள் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்தேன். அதற்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டும், அது இன்னொரு நாள் வேலை.

பின்வரிசைகளைக் கூப்பிட்டேன். வந்தார்கள். வரிசை வரிசையாகக் குடித்தார்கள். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அத்தனை பேருக்குப் பிறகும் பாத்திரத்தில் ரசம் கனத்தது. முன்பெஞ்சைப் பார்த்துக் கை நீட்டினேன்.

முன்பெஞ்சில் முதல் இடம் காலியாக இருந்தது. அது குருவானவர் மனைவி உட்காரும் இடம். ஐந்து சேகரத்திலும் ரோஸ்லின் உட்கார்ந்தது அங்கேதான், முதலில் குடித்ததும் அவள்தான். வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

பொருளாளர் எழுந்து நின்றார். தம்பிராஜைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அப்போது பின்னால் கீழத்தெருக்காரர்கள் உட்காரும் பாயிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ரோஸ்லின். ஆராதனை தொடங்கியதிலிருந்து பாக்கியத்தின் பக்கத்தில்தான் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அவசரமில்லாமல் நடுப்பாதையில் நடந்து வந்தாள். முன்பெஞ்சைத் தாண்டும்போது யாரோ, குருவானவர் மனைவியைக் கூப்பிடுகிற முறையில், "ஐயரம்மா" என்று மெல்லக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

முழங்காலிட்டாள். பாத்திரத்தைச் சாய்த்தேன். ஒரு மிடறு விழுங்கினாள். கண்ணை இறுக்கி மூடினாள். தொண்டையில் அது இறங்கியதைப் பார்த்தேன். வழக்கப்படி பாத்திரத்தை எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மறுபடி குடித்தாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி குடித்தாள். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பிராஜ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டவில்லை.

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பாத்திரத்தை என்னிடம் தந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்களுக்குச் சுகர்லா," என்றாள்.

வெறும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்தேன். அழுதேன் என்று மனுவேல் பிறகு சொன்னார். இருக்கலாம்.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் பாக்கியம் கூட்டிவிட்டுப் போகும்போது அடுக்களையில் உட்கார்ந்து காபி குடித்தாள். ஜன்னலில் டம்ளர் இல்லை. அலமாரியில் எது அது என்று பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. ரோஸ்லினைக் கேட்கவில்லை.

பத்திரமாக இருக்கட்டும் என்று பித்தளைப் பாத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, உடைந்த காலுக்கு முட்டுக்கொடுத்தேன். புத்தகங்களைவிட நன்றாகத் தாங்குகிறது.

பேராயர் அலுவலகத்திலிருந்து போன். நேற்றைய திருவிருந்தில் பாதிச் சபை சேரவில்லை என்று புகார் வந்திருக்கிறதாம். வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். மாற்றல் ஆர்டர் தயாராக இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கட்டும். ரோஸ்லின் தானும் வருவதாகச் சொல்கிறாள். காலரில் பழுப்பு விழுந்த அங்கியையே எடுத்து வைத்திருக்கிறாள்.

விளக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. பாத்திரத்தில் மீதி இருக்கவில்லை என்று சொல்வேன்.